டூட்டி சார்ட்டை நர்ஸ்களே போட்டால் திடீர் லீவு குறையுமா?

#1 – கணக்குப்பிள்ளை_கோவை

வணக்கம். 300 படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்காகக் கேட்கிறேன். மூன்று ஷிப்ட்: மார்னிங் 7–1, ஈவினிங் 1–7, நைட் 7–7. திங்கட்கிழமை தொடங்கும் சார்ட்டை சனிக்கிழமை மாலைதான் வார்டு இன்சார்ஜ் ஒட்டுகிறார். காலை ஆறரை மணிக்குப் போன் செய்து "இன்னைக்கு முடியல மேடம்" என்று சொல்லும் லீவுகள்தான் பெரிய தலைவலி. ஊழியர்களே தங்கள் வேலை நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவரலாமா என்று நிர்வாகம் யோசிக்கிறது.

மூன்று கேள்விகள். இதனால் உடல்நல லீவு குறையும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் உண்டா? வார்டில் எப்படி நடைமுறைப்படுத்துவது? பலன் கிடைத்ததா இல்லையா என்பதை எப்படி அளப்பது?

#2 – தொழில்நலம்_டாக்டர்

ஆதாரம் உண்டு. இந்த விஷயத்தில் அதிகம் உழைத்த நாடு பின்லாந்து. அங்குள்ள தொழில்சார் சுகாதார நிறுவனம் நகராட்சி ஊழியர்களை 1990களிலிருந்து தொடர்ந்து கவனித்துவருகிறது. பத்து நகர ஆய்வு என்று சொல்வார்கள். நர்ஸ், ஆசிரியர், சமையல் பணியாளர், துப்புரவுப் பணியாளர், அலுவலக ஊழியர் எல்லோரும் அதில் அடக்கம். கேள்வித்தாளில் அவர்கள் சொன்ன பதிலை, முதலாளியின் வருகைப் பதிவேட்டில் உள்ள லீவுக் கணக்கோடு இணைத்தார்கள். "போன வருஷம் எத்தனை நாள் லீவு எடுத்தீர்கள்" என்று நினைவிலிருந்து சொல்லச் சொல்லவில்லை. அதனால்தான் அந்த எண்களுக்கு மதிப்பு.

"நேரக் கட்டுப்பாடு" என்பதை அவர்கள் மொத்தையாகக் கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள். வேலை நாளின் நீளம், தொடங்கும் முடியும் நேரம், இடையில் ஓய்வு எடுப்பது, வேலை நேரத்தில் சொந்தக் காரியம் ஒன்றைக் கவனிப்பது, ஷிப்ட் எப்போது விழும் என்பது, விடுமுறை எப்போது எடுப்பது என்று பிரித்துக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து படி அளவுகோலில் பதில் வாங்கினார்கள். பிற்பாடு இவற்றையே இரண்டு கட்டுகளாகப் பிரித்தார்கள்: அன்றாட நேரத்தின் மீதான பிடி, விடுமுறை நாட்களின் மீதான பிடி.

2002-இலிருந்து வந்த கட்டுரைகளில் திரும்பத் திரும்பத் தெரிவது இது: பிடி குறைவாக உள்ளவர்களிடம் உடல்நல லீவு அதிகம், பெண்களிடம் இந்தத் தொடர்பு ஆண்களைவிடத் தெளிவு. 2005-இல் சுமார் 16,000 பேரை வைத்து வந்த ஆய்வு இன்னும் முக்கியம். வேலை நெருக்கடி எல்லோருக்கும் இருந்தாலும், நேரத்தின் மீது பிடி உள்ளவர்களிடம் அந்த நெருக்கடி லீவாக மாறுவது குறைகிறது என்று அது காட்டியது. நர்ஸ் வேலையில் நோயாளி எண்ணிக்கையை நம்மால் குறைக்க முடியாது. ஆனால் சார்ட்டை மாற்ற முடியும்.

காரணம் புரியாத ஒன்றல்ல. அடுத்த வாரம் எந்த ஷிப்ட் என்று தெரியாதவரால் தூக்கத்தைத் திட்டமிட முடியாது. பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாருக்குச் செக்கப், பேங்க் வேலை என்று எதற்கும் சட்டப்படி ஒரு மணி நேரம் ஒதுக்க வழியில்லை என்றால், கடைசியில் கையில் இருக்கும் ஒரே சாவி "உடம்பு சரியில்லை". அது பொய்யாகவும் இருக்கலாம், மூன்று வாரக் களைப்பின் முடிவாகவும் இருக்கலாம். இரண்டையும் குறைப்பது ஒரே மருந்துதான்.

#3 – சங்கத்து_செல்வம்

டாக்டர் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் பின்லாந்துக் கணக்கை அப்படியே இங்கே தூக்கிவந்தால் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த ஆய்வுகள் நடந்த காலத்தில் அங்கே வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆனவருக்கு, நோய்வாய்ப்பட்ட நாளும் அதற்கடுத்த ஒன்பது வேலை நாட்களும் முழுச் சம்பளம் சட்டப்படி உண்டு. ஒருநாள் காய்ச்சலுக்கு வீட்டில் இருந்தால் பணம் போகாது. எனவே அங்கே "உடல்நல லீவு" என்ற கட்டத்தில் விழுவது பெரும்பாலும் உடல்நல லீவுதான்.

நம் ஊரில்? இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) திட்டத்தில் இருப்பவருக்கு நோய்க்காலப் பலன் சம்பளத்தில் 70%, வருடத்துக்கு 91 நாள் வரை. ஆனால் முதல் இரண்டு நாள் காத்திருப்பு. அதற்குக் காசு இல்லை. முந்தைய நோய் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி படுத்தால்தான் அந்த இரண்டு நாள் விலக்கு. பலன் வாங்க, முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த நர்ஸுக்கு அதுவும் இருக்காது. 2017-இல் 21,000 ரூபாயாக உயர்த்திய சம்பள வரம்பைத் தாண்டியவர் இதற்குள்ளேயே வரமாட்டார்.

ஆகவே ஒருநாள், இரண்டு நாள் காய்ச்சல் எல்லாம் சிஎல் (தற்செயல் விடுப்பு) ஆகவோ, எல்ஓபி (சம்பளமில்லா லீவு) ஆகவோ, வீக்லி ஆஃபை மாற்றிக்கொண்டதாகவோதான் பதிவேட்டில் இருக்கும். "சிக் லீவு" கட்டத்தை மட்டும் எண்ணினால் ஆரம்பத்திலேயே கணக்கு தப்பு.

கணக்குப்பிள்ளை சாரிடம் ஒரு கேள்வி: முழு வருகைக்கு மாதா மாதம் அட்டெண்டன்ஸ் போனஸ் உண்டா?

#4 – கணக்குப்பிள்ளை_கோவை

உண்டு சார். ஒருநாள்கூட லீவு இல்லை என்றால் 1,000 ரூபாய்.

#5 – சங்கத்து_செல்வம்

அதுதான் கணக்கைக் கெடுக்கும். மாதம் பிறந்து ஐந்தாம் தேதி ஒரு லீவு போட்டுவிட்டால் அந்த ஆயிரம் போயிற்று. அதன்பிறகு அந்த மாதம் முழுக்க வருகைக்கு ஊக்கமே இல்லை. மறுபக்கம், 26-ஆம் தேதி வரை முழு வருகை வைத்திருப்பவர் 102 டிகிரி காய்ச்சலோடு ஐசியு-வுக்கு வருவார். தொற்று இருக்கும் நர்ஸ் ஐசியு-வில் நிற்பது யாருக்கும் நல்லதில்லை. இந்த போனஸை வைத்துக்கொண்டே புதுச் சார்ட்டின் பலனை அளந்தால் எது எதனால் நடந்தது என்று பிரிக்க முடியாது.

#6 – தொழில்நலம்_டாக்டர்

செல்வம் சொல்வது சரி, நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். இதோடு சேர்த்து ஒன்று. நேரத்தின் மீது பிடி கூடினால் லீவு குறைந்தே தீரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அமெரிக்காவில் மின்னசோட்டாவில் உள்ள பெஸ்ட் பை தலைமையகத்தில், வேலை முடிந்தால் போதும், எப்போது எங்கிருந்து செய்கிறீர்கள் என்பது உங்கள் இஷ்டம் என்று ஒரு முறையைக் கொண்டுவந்தபோது சமூகவியலாளர்கள் அதை ஆராய்ந்தார்கள். 2011-இல் வெளியான முடிவில், வேலைநாளுக்கு முந்தைய இரவில் ஊழியர்கள் சுமார் 52 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். உடம்பு சரியில்லாதபோதும் வேலைக்குப் போயாக வேண்டும் என்ற நெருக்கடி குறைந்தது. அதாவது நோயோடு வேலைக்கு வருவதும் குறையலாம். அது லீவுக் கணக்கில் ஏற்றமாகக்கூடத் தெரியும். அதைத் தோல்வி என்று படித்துவிடாதீர்கள்.

எனவே மொத்த நாளை மட்டும் பார்க்காமல் இரண்டாகப் பிரியுங்கள்: 1–3 நாள் லீவு, 4 நாளும் அதற்கு மேலும். பின்லாந்து மருத்துவமனைகளில் ஷிப்ட் திட்டமிடலுக்கு டிட்டானியா என்றொரு மென்பொருள் உண்டு. அதில் ஊழியர்களே சேர்ந்து சார்ட் போடும் வசதியைப் பயன்படுத்திய வார்டுகளையும் பழைய முறையில் போன வார்டுகளையும் ஒப்பிட்டு 2020-இல் வந்த ஆய்வில், மாற்றம் தெரிந்தது 1–3 நாள் லீவில். நீண்ட நோய்க்கு வேறு காரணங்கள் உண்டு. முதுகெலும்புத் தேய்வைச் சார்ட் சரிசெய்யாது.

#7 – இன்சார்ஜ்_மதுரை

ஆராய்ச்சியெல்லாம் இருக்கட்டும், முதல்ல தலைக்கணக்கைப் பாருங்க. ஆள் பத்தாத வார்டுல "நீங்களே சார்ட் போட்டுக்குங்க"ன்னு சொன்னா, யார் வீக்லி ஆஃபை விட்டுக்கொடுக்கிறதுங்கிற சண்டையை நர்ஸ்கள் தலையில கட்டிவிடற மாதிரி ஆயிடும்.

30 படுக்கை வார்டுன்னு வைங்க. மார்னிங் 4, ஈவினிங் 3, நைட் 3 பேர் தேவை. வாரத்துக்கு மார்னிங் 28, ஈவினிங் 21, நைட் 21, ஆக 70 ஷிப்ட். மணிக்கணக்கில் 168 + 126 + 252 = 546. வாரம் 48 மணி நேரத்தால வகுத்தா 11.4 பேர். இது யாருமே லீவு எடுக்காத உலகத்துக்கான கணக்கு. சிஎல் 12, சிக் 12, ஈஎல் (ஈட்டிய விடுப்பு) 12, பண்டிகை 9 ஆக 45 நாள். வீக்லி ஆஃப் கழிச்சா வருஷத்துக்கு வேலை நாள் 313. 45-ஐ 313-ஆல் வகுத்தா 14.4%. அப்போ 11.4-ஐ 0.856-ஆல் வகுக்கணும். 13.3 வரும். 14 பேர் வேணும். ஹேண்டோவருக்கு, அதாவது அடுத்த ஷிப்ட்காரங்ககிட்ட பொறுப்பை ஒப்படைக்க, அரை மணி சேர்த்தா 15 கூடக் கேட்கலாம்.

14 பேர்ல சராசரியா ரெண்டு பேர் ஏதாவது ஒரு லீவுல இருப்பாங்க. மீதி 12 பேருக்கு 28 நாள்ல ஆளுக்கு 23 ஷிப்ட் விழும், வாரம் 45 மணி சொச்சம். சமாளிக்கலாம். வார்டுல மொத்தமே 12 பேர்தான்னா? ரெண்டு பேர் லீவுல போனதும் மிச்சம் 10 பேர் 280 ஷிப்ட் பாக்கணும். 28 நாள்ல 28 ஷிப்ட், வாரம் 54 மணிக்கு மேல. நைட் ஆஃப், வீக்லி ஆஃப் எல்லாம் அம்பேல். இந்த நிலைமையில எந்த முறை கொண்டுவந்தாலும் காலை ஆறரை மணி போன் வந்துக்கிட்டேதான் இருக்கும்.

#8 – கணக்குப்பிள்ளை_கோவை

நீங்கள் சொன்ன அதே அளவு வார்டுகளில் எங்களிடம் 13 பேர் இருக்கிறார்கள். இரண்டு வார்டில் 12.

#9 – இன்சார்ஜ்_மதுரை

அந்த ரெண்டு வார்டை இப்போ தொடாதீங்க சார். 13 இருக்கிற வார்டுல, ரெண்டு மூணு வார்டுக்குப் பொதுவா ஒரு ரிலீவர் (லீவு போட்டவங்களுக்குப் பதிலா நிக்கிறவங்க) போட்டு ஆரம்பிக்கலாம். ரிலீவர்னா எல்லா வார்டு வேலையும் தெரிஞ்சவங்களா இருக்கணும். புதுசா வந்த டிப்ளமா பிள்ளையை ரிலீவர்னு சுத்தவிட்டா மூணே மாசத்துல வேலையை விட்டுப் போயிடும்.

நடைமுறை இதுதான். நாலு வாரம் ஒரு சுற்று.

சார்ட் தொடங்க 28 நாள் இருக்கும்போதே காலிக் கட்டத்தைத் திறங்க. ஒவ்வொரு கட்டத்துலயும் தேவையான எண்ணிக்கையை எழுதிவைக்கணும். அதோட தகுதிக் கணக்கும்: ஒவ்வொரு ஷிப்ட்லயும் மூணு வருஷ அனுபவம் உள்ளவங்க ஒருத்தராவது. நைட்ல கண்டிப்பா. கர்ப்பிணிகள், டாக்டர் சீட்டோட நைட் விலக்கு உள்ளவங்க பேரை அப்பவே தனியா குறிச்சிடணும். கட்டம் நிரம்பின பிறகு அதைக் கிளறினா மத்தவங்களுக்கு எரிச்சல்.

ஆளாளுக்கு மூணு நாள் "கட்டாயம்"னு குறிக்கலாம். கல்யாணம், பிள்ளை ஸ்கூல், பரீட்சை, எதுக்குன்னு காரணம் கேட்கவே கூடாது. மீதியை விருப்பமாக் குறிக்கலாம். நைட் மட்டும் எல்லாருக்கும் சமம்: 84 நைட், 14 பேர், ஆளுக்கு 6. மூணு மூணா ரெண்டு செட். ஒவ்வொரு செட் முடிஞ்சதும் ரெண்டு நாள்.

குறிக்க ஏழு நாள் கொடுங்க. அப்புறம் மூணு நாள், எந்தக் கட்டத்துல ஆள் அதிகம், எதுல குறைவுன்னு எல்லாரும் பார்த்துத் தாங்களே நகர்ந்துக்கணும். இங்கேதான் பாதி தீர்ந்துடும். தீராததை இன்சார்ஜ் ரெண்டு நாள்ல முடிக்கணும். "கட்டாயம்"னு குறிச்சதைக் கலைக்கணும்னா சம்பந்தப்பட்டவங்ககிட்ட பேசிட்டுத்தான் கலைக்கணும். சார்ட் தொடங்க 14 நாளுக்கு முன்னாடி ஒட்டிடணும்.

வாட்ஸ்அப் குரூப்ல மட்டும் இதைச் செய்யாதீங்க. முதல்ல டைப் பண்றவங்களுக்கே நல்ல ஷிப்ட் கிடைக்கும். நைட்ல தூங்கிக்கிட்டிருந்தவங்க எழுந்து பாக்குறப்போ எல்லாம் முடிஞ்சிருக்கும். சீனியர் ஒருத்தங்க தீபாவளி ஆஃப்னு போட்டா ஜூனியர் யாரும் அடுத்து வாயைத் திறக்கமாட்டாங்க. ஏழு நாள் வரைக்கும் ஒருத்தர் குறிச்சது மத்தவங்களுக்குத் தெரியாம இருக்கணும். கூகுள் ஃபார்ம் போதும். இல்லன்னா மூடின பெட்டியில சீட்டு.

#10 – வடக்குவானம் (பின்லாந்து)

இங்குள்ள நடைமுறையிலிருந்து சில சேர்க்கைகள். பின்லாந்து வேலை நேரச் சட்டத்தின் புதிய வடிவம் 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. அலுவலகங்களுக்கான நெகிழ் நேரத்தில் ஒரு நாளைக்கு 4 மணி நேரம் வரை முன்பின் நகரலாம், கூடுதலாகச் சேரும் நேரம் 60 மணி வரை போகலாம் என்றெல்லாம் விதி உண்டு. வார்டுக்கு அது பொருந்தாது. நோயாளியை விட்டுவிட்டுப் பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்ல முடியாது. மருத்துவமனைகளில் மூன்று வாரத்துக்கு 120 மணி என்பது போன்ற காலக்கணக்கு முறை. வேலை அட்டவணையைக் குறைந்தது ஒரு வாரம் முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும். அதன்பிறகு ஊழியரின் சம்மதம் அல்லது வேலை ஏற்பாடு சார்ந்த வலுவான காரணம் இல்லாமல் மாற்ற முடியாது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்தக் கடைசி விதி. தேர்வு செய்யும் உரிமையைவிட, தேர்வு செய்தது கலையாது என்ற நிச்சயமே பெரிது. 14 நாள் முன்பு ஒட்டிய சார்ட்டைப் புதன்கிழமை அழித்து எழுதினால் அந்த முறையை இரண்டாவது சுற்றில் யாரும் நம்பமாட்டார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. டிட்டானியாவில் ஊழியர்கள் சேர்ந்து திட்டமிடத் தொடங்கியபோது 12 மணி நேரமோ அதற்கு மேலோ ஆன ஷிப்ட்கள் கூடின. விருப்பம் என்று விட்டால் நீள ஷிப்டை அடுக்கி வைத்து நீள விடுமுறை எடுக்கவே பலர் விரும்புவார்கள்.

#11 – தொழில்நலம்_டாக்டர்

அதனால்தான் எல்லைக்கோடு வேண்டும். இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையின் பதிவேடுகளை வைத்து 2019-இல் வந்த ஆய்வில், முந்தைய ஏழு நாளில் முக்கால் பங்குக்கு மேல் 12 மணி ஷிப்ட் பார்த்த நர்ஸ்களிடம் உடல்நல லீவுக்கான வாய்ப்பு அதிகம் இருந்தது. நார்வேயில், இரு ஷிப்ட்களுக்கு நடுவில் 11 மணிக்கும் குறைவான ஓய்வு எத்தனை முறை வந்ததோ, அதையொட்டி அடுத்த மாத லீவு கூடியது. தாமே தேர்ந்தெடுத்தது என்பதால் உடம்பு விதிவிலக்குக் கொடுக்காது.

கணக்குப்பிள்ளை அவர்களின் ஷிப்டில் ஈவினிங் 7 மணிக்கு முடிந்து மறுநாள் மார்னிங் 7 மணிக்கு வருவது 12 மணி. தாராளம் இல்லை என்றாலும் கோட்டுக்குள். ஆபத்து வேறிடத்தில். நைட் முடித்துக் காலை 7 மணிக்குப் போனவரை, ஆள் இல்லை என்று மதியம் 1 மணிக்கு ஈவினிங்குக்குக் கூப்பிடுவது. ஆறு மணி நேர இடைவெளி. ஹாஸ்டலுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டால் தூங்க மூன்றரை மணி. மார்னிங், ஈவினிங் டபுள் டூட்டி பார்த்து அப்படியே நைட்டுக்கு நிற்பது அதைவிட மோசம்.

நான்கு தடைகளைச் சார்ட் கட்டத்திலேயே பூட்டிவிடுங்கள்: தொடர்ந்து மூன்று நைட்டுக்கு மேல் இல்லை, இரு ஷிப்டுக்கு நடுவில் 11 மணிக்குக் குறையாத இடைவெளி, தொடர்ந்து ஆறு நாளுக்கு மேல் வேலை இல்லை, எந்த வாரமும் 54 மணியைத் தாண்டக் கூடாது. மார்னிங்கும் ஈவினிங்கும் சேர்த்து ஒரே நாள் 12 மணி பார்க்க ஒருவர் தானே கேட்டால் வாரத்துக்கு ஒருமுறை அனுமதிக்கலாம். இன்சார்ஜ் கேட்டு வாங்கக் கூடாது.

#12 – எண்ணாயிரம்

அளவீட்டுக் கேள்விக்கு வருகிறேன். பெரும்பாலான முயற்சிகள் இங்கேதான் சறுக்குகின்றன. ஒரு வார்டில் மூன்று மாதம் செய்துபார்த்து "லீவு 15% குறைந்தது" என்று அறிக்கை எழுதுவார்கள். அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு நர்ஸுக்கு வருடத்துக்கு ஐந்து முறை முன்னறிவிப்பற்ற குறுகிய லீவு என்று எடுத்துக்கொள்வோம். 14 பேர், ஆறு மாதம் என்றால் 7 ஆள்-வருடம். எதிர்பார்ப்பு 35 முறை. தற்செயல் ஏற்ற இறக்கம் மட்டுமே அதன் வர்க்கமூலம், ஏறக்குறைய 6. அதாவது எதுவுமே மாறாவிட்டாலும் 29-ம் வரலாம், 41-ம் வரலாம். 15% குறைவு அதற்குள் மூழ்கிவிடும்.

புது முறை நான்கு வார்டு, பழைய முறை நான்கு வார்டு, ஒரு வருடம் என்றால் பக்கத்துக்கு 56 ஆள்-வருடம், 280 முறை. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தின் தற்செயல் அளவு 560-இன் வர்க்கமூலம், சுமார் 24. அப்போது 20% குறைவு, அதாவது 56 முறை, தெளிவாகத் தெரியும். 10% குறைவு அப்போதும் தெரியாது. ஒரே ஆள் அடிக்கடி லீவு எடுப்பது, வார்டில் ஒரே சமயம் பலருக்குக் காய்ச்சல் வருவது இரண்டும் இந்த ஏற்ற இறக்கத்தை இன்னும் கூட்டும். எனவே நான் சொன்னது குறைந்தபட்ச அளவு.

கட்டாயம் ஒரு வருடம் வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் டெங்குவும். ஜனவரியில் பொங்கல். மே மாதம் பள்ளி விடுமுறை. செப்டம்பரையும் டிசம்பரையும் ஒப்பிட்டால் தெரிவது வடகிழக்குப் பருவமழைதான். எந்த வார்டு புது முறைக்குப் போக வேண்டும் என்பதையும் குலுக்கிப் போடுங்கள். "ஆர்வமுள்ள இன்சார்ஜ்" இருக்கும் வார்டைத் தேர்ந்தெடுத்தால், நல்ல இன்சார்ஜின் பலனைச் சார்ட்டின் பலன் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

எதை எண்ணுவது? செல்வம் சொன்ன ஓட்டையை அடைக்க, லீவின் பெயரைப் பார்க்காதீர்கள். சார்ட்டில் பெயர் இருந்து, ஷிப்ட் தொடங்க 24 மணி நேரத்துக்குள் தகவல் வந்து, ஆள் வராத ஒவ்வொரு முறையும் ஒன்று. சிஎல், எல்ஓபி, இஎஸ்ஐ என்ற பாகுபாடே வேண்டாம். அதனோடு அந்தக் காலியிடம் எப்படி நிரம்பியது என்பதையும் ஒரு கட்டத்தில் எழுதுங்கள்: ரிலீவர், டபுள் டூட்டி, நிரம்பவில்லை. டபுள் டூட்டி விழுந்த நர்ஸ் அடுத்த பத்து நாளில் லீவு எடுக்கிறாரா என்று பார்த்தால், ஒரு லீவு இன்னொரு லீவை எப்படி இழுக்கிறது என்பது உங்கள் பதிவேட்டிலேயே தெரியும்.

#13 – சங்கத்து_செல்வம்

போனஸை நிறுத்தினால் "இருந்த ஆயிரத்தையும் பிடுங்கிட்டாங்க" என்றுதான் பேச்சு வரும், அது நியாயமும்கூட. அந்த ஆயிரத்தை அடிப்படைச் சம்பளத்தோடு சேர்த்துவிடுங்கள். பிஎஃப், இஎஸ்ஐ பங்கு கொஞ்சம் ஏறும். இஎஸ்ஐ-க்கு முதலாளி பங்கு 3.25%, ஊழியர் பங்கு 0.75%. ஒரு டபுள் டூட்டிக்குக் கொடுக்கும் காசோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகையில்லை. எட்டு வார்டிலும் ஒரே தேதியில் இதைச் செய்ய வேண்டும், புதுச் சார்ட் தொடங்க மூன்று மாதம் முன்பாவது. இல்லையென்றால் எண்ணாயிரம் போட்ட கணக்கு அவ்வளவும் வீண்.

ஹாஸ்டலில் தங்கியிருக்கும் கல்யாணமாகாத பிள்ளைகளைப் பற்றியும் பேச வேண்டும். குடும்பம் உள்ளவர் மார்னிங் கேட்பார். எல்லோரும் "பாவம், குழந்தை இருக்கு" என்பார்கள். நைட்டும் ஞாயிறும் ஹாஸ்டல் பிள்ளைகள் மேல் விழும். ஊர் திருநெல்வேலியாகவோ தர்மபுரியாகவோ இருக்கும். நாலு நாள் சேர்ந்து கிடைத்தால்தான் வீட்டைப் பார்க்க முடியும். அவர்களின் தேவையும் தேவைதான்.

பண்டிகைக்குத் தனி ஏடு வையுங்கள். பொங்கல், தீபாவளி, கிறிஸ்துமஸ், ரம்ஜான், ஆங்கிலப் புத்தாண்டு. யார் எந்த வருடம் வேலை பார்த்தார் என்று எழுதி வைத்தால், போன தீபாவளிக்கு நின்றவருக்கு இந்தத் தீபாவளி முதல் உரிமை. இது சீனியாரிட்டிப்படி போகக் கூடாது.

#14 – கணக்குப்பிள்ளை_கோவை

எல்லோருக்கும் நன்றி. 12 பேர் வார்டுகளைத் தவிர்த்து எட்டு வார்டு, குலுக்கல், ஒரு வருடம் என்று முன்மொழிவு எழுதுகிறேன். போனஸ் மாற்றம் முதலில். ஒன்று மட்டும் பாக்கி: சார்ட் ஒட்டிய பிறகு இருவர் தங்களுக்குள் ஷிப்டை மாற்றிக்கொள்ள விட்டால் இன்சார்ஜின் கட்டுப்பாடு போய்விடும் என்று நர்சிங் சூப்பரின்டென்டென்ட் பயப்படுகிறார்.

#15 – இன்சார்ஜ்_மதுரை

மாத்திக்கிறதை மட்டும் அடைச்சிடாதீங்க சார். காலை ஆறரை மணி போனைக் குறைக்கிறதுல பெரிய பங்கு அதுக்குத்தான். அடைச்சா மாத்திக்க வேண்டிய நாளெல்லாம் "உடம்பு சரியில்லை"யா மாறி வரும்.

ஒரு பக்கத்துல அச்சடிச்ச சீட்டு போதும். மாத்திக்கிற ரெண்டு பேர் கையெழுத்து, எந்தத் தேதி, எந்த ஷிப்ட், திருப்பிக் கொடுக்கிற ஷிப்ட் எது. திருப்பிக் கொடுக்கிறது அதே நாலு வாரத்துக்குள்ள இருக்கணும். இல்லன்னா கடன் ஏறிக்கிட்டே போய் ரெண்டு பேருக்கும் மனஸ்தாபம் ஆயிடும். இன்சார்ஜ் பாக்க வேண்டியது ரெண்டே ரெண்டு: அந்த ஷிப்ட்ல சீனியர் ஒருத்தர் இருக்காங்களா, டாக்டர் சொன்ன நாலு தடையில எதுவும் உடையுதா. ரெண்டும் சரின்னா மறுக்கக் கூடாது. 24 மணி நேரத்துல பதில் வரலன்னா சம்மதம்னு அர்த்தம். சீட்டுலயே அந்த வரியை அச்சடிச்சிடுங்க.

சார்ட்ல பழைய பேரை அடிச்சிட்டுப் புதுப் பேரைச் சிவப்பு மையில எழுதுங்க. பயோமெட்ரிக் பாக்குற ஆபீஸுக்கு அன்னைக்கே ஒரு நகல் போகணும். போகலன்னா மாசக் கடைசியில ஒருத்தருக்கு எல்ஓபியும் இன்னொருத்தருக்கு ஓவர்டைமும் விழுந்து, ரெண்டு பேரும் பில்லிங் கவுன்டர் பக்கத்துல நின்னு அலைய வேண்டியிருக்கும்.

#16 – எண்ணாயிரம்

அந்தச் சீட்டுகளைத் தூக்கிப்போடாமல் வார்டு வாரியாகக் கட்டி வையுங்கள். மாதத்துக்கு எத்தனை மாற்றம் என்பது லீவு எண்ணிக்கையைவிட முன்னதாகவே அசையும். இரண்டாவது சுற்று முடிவதற்குள் ஒரு வார்டில் சீட்டே வரவில்லை என்றால், அங்கே இன்சார்ஜ் வாய்வார்த்தையிலேயே மறுத்துக்கொண்டிருக்கிறார் என்று சந்தேகப்பட்டு நேரில் போய்க் கேளுங்கள்.